வெட்டாத படங்கள்

ஜூன் 11, 2025

மது பெங்களூரிலிருந்து அனுப்பிய பெட்டி இன்று வந்தது. கறுப்பு நிறம், ஒரு மிக்ஸி டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று கெட்டாலும் மற்றதில் எல்லாம் பத்திரமாக இருக்குமாம். அவள் போனில் சொல்லச் சொல்ல வயரைச் சொருகினேன். "அவ்வளவுதாம்மா. இனி நீ ஒண்ணும் செய்யண்டாம். பழசு ஒவ்வொண்ணா சொருகினா போறும், அது தன்னால எடுத்துக்கும். நான் இங்கேருந்தே பார்த்துப்பேன்."

இவர் விட்டுப்போனவை: பழைய ஹார்ட் டிஸ்க் மூன்று, பென் டிரைவ் ஒன்பது, பிஸ்கட் டின் நிறைய சிடி, பழைய போன் இரண்டு. கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் புத்தகங்களுக்கு நம்பர் எழுதி ஒட்டினவள் நான். சொந்த வீட்டுப் படங்கள் மட்டும் டிராயரில் குப்பையாகக் கிடக்கின்றன. இவர் போன மார்ச் 2023-க்குப் பிறகு அந்த டிராயரை நான் திறக்கவில்லை. திறந்தால் அவருடைய மூக்குப்பொடி வாசனை வரும்.

இன்று திறந்தேன். வந்தது.

ஜூன் 14

முதல் டிஸ்க் ஏறிவிட்டது. ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டு ஃபோல்டர்: 'அசல்', 'வெட்டியது'. இரண்டாவது என் வேலை.

இவருக்கு போட்டோ எடுக்கவே வராது. நானும் குழந்தையும் ஒரு ஓரத்தில் நிற்போம். மீதி முக்கால் படம் வெறும் ரோடு, படகு, போகிற வருகிற கூட்டம். நான் உட்கார்ந்து வேண்டாததை வெட்டி, ஆல்பத்துக்கு அச்சு போடுவேன். அதற்கு இவர் மறுப்பு சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: "ஒரிஜினலைத் தொடாதே, சுபா. வெட்டறதை வேற ஃபோல்டர்ல வெச்சுக்கோ." கோடவுன் மேனேஜர் புத்தி, எதையும் தூக்கி எறிய மனசு வராது என்று கேலி செய்திருக்கிறேன்.

ஜூன் 19

மொத்தம் நாற்பத்தோராயிரம் படம். பெட்டி ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகச் சேர்த்து வைத்து 'இவர் யார்?' என்று கேட்கிறது. நான் பெயர் எழுத வேண்டும். மது ஒன்பதாயிரத்துச் சொச்சம். பல் முளைக்காத மதுவையும் இப்போதைய மதுவையும் ஒரே ஆள் என்று கண்டுபிடித்துவிட்டது. நான் இரண்டாயிரம். இவர் முன்னூறுகூட இல்லை — எடுப்பவர் எப்படிப் படத்தில் வருவார்.

பெயர் எழுத எழுத நூலகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசியில் ஒரு பெண். பதினாறு படம். யாரென்று தெரியவில்லை.

ஜூன் 20

பதினாறையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன்.

2005: வைப்பின் படகு ஜெட்டி. என் இடுப்பில் மது. தூரத்தில் கயிற்றுக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லிப் பெண், பச்சைச் சேலை. 2008: ஜூ டவுன் கடைத்தெரு, நாங்கள் ஐஸ்கிரீம் தின்கிறோம், எதிர்க் கடை வாசலில் அவள். 2013: கலூர் ஸ்டேடியம் வெளியே, கூட்டத்துக்கு நடுவில், அவள் மட்டும் எங்கள் பக்கம் திரும்பி நிற்கிறாள். 2018: மறுபடி ஜெட்டி. தலையில் நரை. உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது. 2022-லும் அதே ஜெட்டிதான். கண்ணாடி போட்டிருக்கிறாள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி. நவம்பர் 9. மதுவின் பிறந்தநாள்.

ஜூன் 21

எதுவும் எழுத முடியவில்லை. சாயா போட்டு, குடிக்க மறந்து, ஆறினதைக் கொட்டினேன். இரண்டு தடவை.

ஜூன் 24

மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கும்போது சட்டென்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. யாரைத் தேடினேன்? பதினேழு வருஷம் ஒருத்தி எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன?

2005 முதல் 2022 வரை பிறந்தநாள் பதினெட்டு. 2011-ல் மதுவுக்கு அம்மை, வெளியே போகவில்லை. 2020-ல் கொரோனா, எங்கேயும் போகாமல் எங்கள் மாடி பால்கனியில் கேக் வெட்டினோம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே ரோட்டில் முகக்கவசம் போட்ட ஒருத்தி, கையில் துணிப்பை, தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஆக பதினேழு.

பிறகு 'வெட்டியது' ஃபோல்டரைத் திறந்து அதே பதினேழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் இந்தக் கையால் நான்தான் அவளை வெட்டி எடுத்திருக்கிறேன்.

ஜூலை 3

எழுதாமல் தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

மது நான் பெற்ற குழந்தை இல்லை. அவளுக்கும் தெரியும், பத்து வயசில் சொல்லிவிட்டோம். 2005 பிப்ரவரியில் எர்ணாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் பத்திரம் எழுதி எடுத்துக்கொண்டோம். நான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். இவர்தான் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோவிலேயே உட்கார்ந்து கையெழுத்து போடும்போதும் கொடுப்பவளின் பெயர் இருந்த பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். "எனக்கு அந்தப் பேர் வேண்டாம். எந்தக் காலத்துலயும் நீங்களும் சொல்லப்படாது" என்றேன். சரி என்றார்.

பதினைந்து வயசில் மது ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்: "என்னைப் பெத்தவாளுக்கு என்னைப் பத்தி ஏதாவது தெரியுமாம்மா?" நான், "தெரியாது. எங்கேயோ இருப்பா" என்றேன். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். மோர் சாதம் அப்படியே இருந்தது. அப்போது நான் அதை ஒன்றும் நினைக்கவில்லை.

இன்று நினைப்பது வேறு. படத்தில் நிற்பவள்தான் பெற்றவள் என்றால், அவளை இவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வருஷமும் எங்களை ஏன் ஓரத்தில் நிறுத்தினார்? யாருக்காக? அவளுக்கும் இவருக்கும் என்ன?

மதுவின் மூக்கு இவர் மூக்கு மாதிரி என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன். இன்று முழுக்க அந்த மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கேவலம்.

ஜூலை 9

இவருடைய பழைய போன் இரண்டையும் ஏற்றினேன். படங்களோடு ஒரு ஃபோல்டர் நிறைய ஒலி வந்து இறங்கியது. வரும் போகும் அழைப்பையெல்லாம் போன் தானே பதிந்து வைத்திருக்கிறது. இவருக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒரு நம்பரும் தேதியும்.

நான் செய்தது நூலகத்து வேலைதான். நவம்பர் முதல் வாரத்தை மட்டும் பிரித்தேன். 2017 முதல் எல்லா வருஷமும் ஒரே நம்பர். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷத்துக்குள்.

சமையலறையில் குக்கர் கத்துகிறது. கேட்பதா வேண்டாமா?

ஜூலை 10

கேட்டுவிட்டேன். இரண்டு வருஷம் நாலு மாசம் கழித்து அவர் குரல். முதலில் தொண்டையைச் செருமுகிறார் — அதற்கே நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"செல்வி, இந்தத் தடவை ஜெட்டி. பத்து மணிக்கு. மஞ்சள் சுடிதார் போட்டுண்டு வருவா."

"சரிங்கய்யா. வந்துருதேன்."

"சாப்பிட்டுட்டு வா. போன தடவை மயக்கமா நின்னே."

"சரிங்கய்யா."

அவ்வளவே. எல்லா வருஷமும் இப்படித்தான். ஒரு சிரிப்பு இல்லை, கொஞ்சல் இல்லை. 2022-ல் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அடுத்த வருஷம் இப்படி ஒளிஞ்சு நிக்கண்டாம். சுபாகிட்ட சொல்லிடப் போறேன். சொல்லணும். பதினெட்டு வருஷமா நேக்கு பயமாத்தான் இருக்கு."

"அம்மா மனசு நோகுமுங்க."

"நோகும். ஆனா அவ நல்லவ. அவ புரிஞ்சுப்பா."

ஏன்னா, ஏன் சொல்லலை? நான் நல்லவ இல்லை. என்னைக் கேட்காம எப்படிச் சொன்னேள் அந்த வார்த்தையை?

ஜூலை 22

பத்துப் பன்னிரண்டு நாள் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று மத்தியானம் அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். "நான் சங்கர்ராம் ஆத்துக்காரி" என்றேன்.

பாத்திரம் ஒன்று உருளும் சத்தம். பிறகு, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்றாள்.

ஆகஸ்ட் 2

கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டல். அதன் சமையலறையில் அவளுக்கு வேலை. முழுப் பெயர் இசக்கிசெல்வி. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். பின்பக்க முற்றத்தில் உள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள்.

"அய்யா வரலியாம்மா?"

அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். அந்த மார்ச் மாசம், நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உரித்த உள்ளி மடியிலிருந்து உருண்டது. சத்தம் போட்டு அழுதாள். உள்ளேயிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவருக்காக இப்படி அழ என்னையும் மதுவையும் தவிர ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைத்தானே எழுத வேண்டும் — பிடிக்கவில்லை.

"அந்த வருஷம் அய்யா கூப்பிடல. நானே அடிச்சேன். இந்த நம்பர் இல்லைன்னு ஒரு பொம்பள குரல் சொல்லுச்சு. சரி, சொகமில்லாம இருப்பாருன்னு நெனச்சு ஜெட்டியிலயே போயி நின்னேன். ஒம்போது மணிக்குப் போயி மூணு மணி வரைக்கும். போன வருஷமும் நின்னேன்."

அந்த நம்பரை ரத்து செய்ததும் நான்தான்.

கேட்க வந்ததைக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"அய்யாவா? என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் அவரு கோடவுன்ல இஞ்சி பொறுக்குனவ. என்னைக் கூட்டியாந்தவன் கொத்தனாரு. வயித்துல ஆறு மாசம் இருக்கையில மங்களூருக்கு வேலைன்னு போனவன்தான். ஊருக்குப் போனா எங்கண்ணன் வெட்டிருவான். அய்யாகிட்ட நான்தான் போயி அழுதேன், பிள்ள இல்லாத வீடு எதாச்சும் சொல்லுங்கன்னு. எங்க வீடே இருக்குன்னாரு. வருஷத்துக்கு ஒருக்க தூரத்துல நின்னு பாத்துக்கிடுதேன், வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொன்னேன். கேக்கலியே. ஒரு போட்டோகூட நான் வாங்கலம்மா. அய்யா குடுத்தாரு. வேண்டாம்னுட்டேன். கையில இருந்துச்சுன்னா வேலை ஓடாது."

"அப்புறம் எதுக்கு உன்னைப் படத்துல வெச்சார்?"

"பிள்ள பெருசாகி ஒரு நாளு கேக்கும், அன்னிக்குக் காட்டணும், விட்டுட்டுப் போனவன்னு நெனச்சிரக் கூடாதுன்னாரு."

நம்பினேன். அவளுடைய கோபத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

கிளம்பும்போது மது என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள். சின்ன வயசில் ஜெட்டியில் மீன் கூடையைப் பார்த்து மூக்கைப் பொத்தி ஓடினாளே, இப்போதும் அப்படித்தானா என்றாள். அப்படித்தான் என்றதும் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தோளைக் குலுக்கி, கண்ணை இறுக்கி. மது சிரிப்பது அப்படியேதான்.

நாங்கள் யாரும் மதுவுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

"ஒருக்க பக்கத்துல நின்னு பாக்கட்டுமாம்மா? நான் யாருன்னு சொல்ல வேண்டாம்." யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 5

அழித்துவிட்டேன். பதினேழு அசலும், ஆறு ஒலிப்பதிவும். பழைய டிஸ்க்குகளிலும் போனிலும் அழித்தேன். காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், தெளிந்த புத்தியோடு. 'உறுதியா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

மது என் மகள். இருபது வருஷம் நான் வளர்த்தது. ஒருத்தி வந்து ஒரு சிரிப்பில் எடுத்துக்கொண்டு போவதா?

சமையல் செய்யவில்லை. பசிக்கவில்லை.

ஆகஸ்ட் 6

காலையில் மது கூப்பிட்டாள். ஆபீஸ் போகும் வழியில், அவசரக் குரலில்: "அம்மா, நேத்து கை தவறி ஏதோ அழிச்சிருக்கே, கேட்டியா. எனக்கு மெசேஜ் வந்தது. பயப்படண்டாம், அழிச்சது முப்பது நாள் அங்கேயேதான் இருக்கும். எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அம்மா? எல்லாம் என் பர்த்டே போட்டோவா இருக்கே. அப்பா குரல் வேற இருக்கு. இது எங்கேருந்து வந்தது?"

நல்லவேளை, வண்டிச் சத்தத்துக்கு நடுவில் லைன் அறுந்தது. நல்லவேளையா?

ஆகஸ்ட் 7

ஒலிப்பதிவு ஆறையும் கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கலூர் போனதையும் சொன்னேன். அழவில்லை, கத்தவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்.

"அப்பா மறைச்சு வெச்சார். நீ அழிச்சுட்டே, அம்மா."

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19

பன்னிரண்டு நாள். மெசேஜ் அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது.

பெட்டி மேஜையில் முனகிக்கொண்டே இருக்கிறது. அணைக்க மனம் வரவில்லை; அதன் வழியாகத்தான் அவள் இந்த வீட்டுக்குள் வருகிறாள். நேற்றுப் பார்த்தேன். 2005 ஜெட்டிப் படத்தை யாரோ திறந்திருக்கிறார்கள். இன்று 2006. நான் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றாகப் பார்க்கிறாள் போலிருக்கிறது. அங்கே அவளும் இங்கே நானும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல்.

செப்டம்பர் 5, திருவோணம்

மது நேற்றுச் சாயங்காலம் வந்தாள். வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. பையைக்கூடப் பிரிக்காமல் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இளைத்திருக்கிறாள்.

இன்று காலை இலை போட்டேன். ஓலன், எரிசேரி, புளி இஞ்சி, எல்லாம் அவளுக்குப் பிடித்தது. தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். பாதியில் நிறுத்திக் கேட்டாள்: "அன்னிக்கு அவாளுக்கு என்னைத் தெரியாதுன்னு சொன்னியே. நிஜமா அப்படித்தான் நினைச்சுண்டிருந்தியா?"

"நிஜமா."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் கண் என் மேலேயே இருந்தது. "மாட்டேன்" என்றேன்.

தலையாட்டினாள். இலையை மடித்தாள். தன் பக்கமாகத்தான் மடித்தாள், உறவு அறாது என்று சொல்லும் மடிப்பு; ஆனால் எழுந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு, "கலூர் வரைக்கும் போயிட்டு வரேன். நீ வரண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளித்துவிட்டு அவள் கடந்து போகும்போது கையில் உள்ளி வாசனை.

செப்டம்பர் 7

பெங்களூர் திரும்பிவிட்டாள். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்றாள். மாடியிலிருந்து ஆட்டோ திரும்பும்வரை பார்த்தேன். அவள் மேலே பார்க்கவில்லை.

அக்டோபர் 2

ஒரு மெசேஜ். "பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடு." அவ்வளவுதான். நாள் முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அக்டோபர் 21

பெட்டியில் வேலையை மறுபடி தொடங்கினேன். சிடிகள் பாக்கி. பாதி பூசணம் பிடித்துப் படிக்க முடியவில்லை. மதுவின் முதல் நடை எடுத்த சிடி அதில் ஒன்று. துடைத்துத் துடைத்துப் போட்டும் வரவில்லை. போனது போனதுதான் என்று எழுதி, தனி டப்பாவில் வைத்தேன்.

அந்த நடையை இவரும் நானும் மட்டும்தான் பார்த்தோம். இனி நான் ஒருத்திதான்.

நவம்பர் 9

மதுவுக்கு இருபத்தொன்று. காலையிலேயே போன் செய்தேன், எடுக்கவில்லை. கோவிலுக்குப் போய் அவள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். பால் பாயசம் வைத்தேன். யாருக்கு என்று தெரியாமலே வைத்தேன்.

ஒரு மணிக்கு மேல் போன் அடித்தது. மது இல்லை, செல்வி.

"அம்மா, பிள்ள இங்கதான் இருக்கு. காலையில பஸ்ஸுல வந்து இறங்குச்சு. உங்ககிட்ட சொல்லியிருக்கும்னு நெனச்சேன். சொல்லலைன்னுச்சு. எனக்கு மனசு கேக்கல, அதான் அடிக்கேன்."

ஊருக்கு வந்திருக்கிறாள். வந்து, அங்கே போயிருக்கிறாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி என்று சொல்லியிருப்பேன்.

"வைக்காதீங்கம்மா" என்றாள் செல்வி. "இங்கனயே திண்டுல வைக்கேன். கேட்டுக்கிட்டு இருங்க."

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் விழும் சத்தம். தட்டுகள். யாரோ மலையாளத்தில் ஏதோ கேட்டார். பிறகு மதுவின் குரல், தூரத்தில், முழு வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும் குரல்: மீன் குழம்பை அந்தப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னாள், மணம் தாங்கவில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்று மாதமாக எனக்குக் கேட்காத சிரிப்பு. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், அங்கே கேட்டுவிடுமோ என்று.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. கால் மரத்துவிட்டது.

"போன் ஆன்ல இருக்கே. யாரு அது?" மது பக்கத்தில் வந்துவிட்டாள்.

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"அம்மாவா?" என்றாள் மது. பிறகு என்னிடம் இல்லை, செல்வியிடம்: "சாப்பிட்டாச்சான்னு கேளுங்கோ."

செல்வி போனை எடுத்தாள். "சாப்பிட்டாச்சான்னு பிள்ள கேக்குதும்மா."

ஆச்சு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

"இன்னும் இல்லை" என்றேன்.